சூட்டுவதா, கட்டுவதா, வழங்குவதா?

கேள்வி இதுதான். ஓய்வு பெறும் தலைமையாசிரியர் ஒருவருக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து ‘கல்விச் செம்மல்’ என்று பட்டம் கொடுக்கப் போகிறார்கள். அழைப்பிதழில் ‘பட்டமளிப்பு விழா’ என்று போடுவதா, ‘பட்டம் சூட்டும் விழா’ என்பதா, ‘விருது வழங்கும் விழா’ என்பதா? விழாக் குழுவில் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். கூடவே, பேர் வைப்பது, பெயரிடுவது, பெயர் சூட்டுவது மூன்றும் ஒன்றுதானா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மெய்ப்புப் பார்த்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கும்பாபிஷேகம், பாராட்டு விழா, கருமாதி என்று ஒரு மனிதனுக்கு ஊர் செய்கிற எல்லா மரியாதையும் என் பென்சிலைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அந்த உரிமையில் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ‘பட்டம் சூட்டும் விழா’ என்று போடுங்கள். ‘பட்டமளிப்பு’ பல்கலைக்கழகத்தின் சொல். ‘விருது’ வேறு சாமான். அவசரமாக அச்சுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் இதோடு கிளம்பலாம். காரணம் தெரிய வேண்டும் என்பவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் சாமிக்கு மாலை சாத்துகிறோம். மேடையில் தலைவருக்கு அணிவிக்கிறோம். மணவறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். சபரிமலைக்குப் போகிறவர் மாலை போட்டிருக்கிறார். இறந்தவர் வீட்டில் மாலை போடுகிறோம், மலர்வளையம் என்றால் வைக்கிறோம். அதே சம்பங்கி, அதே நார், அதே பூக்கடை. வினைச்சொல்லைக் கேட்டாலே போதும், யார் கையிலிருந்து யார் கழுத்துக்குப் போகிறது, என்ன சந்தர்ப்பம் என்று தெரிந்துவிடும். பெயரும் பட்டமும் அப்படித்தான். பெயர்ச்சொல்லை வைத்துச் சண்டை போடுகிறோம், தமிழில் மரியாதை உட்கார்ந்திருப்பது வினைச்சொல்லில்.

இது புதிய விஷயமில்லை. தொல்காப்பியம் எச்சவியலில் ஈ, தா, கொடு என்று மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு, யார் எதைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றே விதி வைத்திருக்கிறது. தாழ்ந்த நிலையில் இருப்பவன் ‘ஈ’ என்று கேட்பான், சமமானவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். இன்றைக்கு அந்த மூன்றில் வேறுபாடு கரைந்துவிட்டது, ஆனால் கணக்கு மாறவில்லை. மேலேயிருந்து கீழே வருவதை அளித்தார், வழங்கினார், நல்கினார் என்கிறோம். கீழேயிருந்து மேலே போவது காணிக்கை, சமர்ப்பணம். தலைமையாசிரியருக்கு அவருடைய மாணவர்கள் எதையாவது ‘அளிக்கிறோம்’ என்று அச்சடித்தால் எனக்குப் பென்சில் தானாக நகரும்.

இந்த விஷயத்தில் நான் சூடு பட்டவன் என்பதால் சொல்கிறேன். அச்சகத்தில் சேர்ந்த புதிது. ஒரு பெரியவர் கிராமத்திலிருந்து ஒரு கையெழுத்துப் பிரதி கொண்டுவந்தார். அவர்கள் கோயிலில் பரம்பரையாக நடக்கிற ஒரு பொறுப்புக்கு அடுத்த ஆள் வருகிறார், அதற்கான பத்திரிகை. மேலே ‘பட்டம் கட்டும் விழா’ என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு. ‘அவனுக்குத் திருடன்னு பட்டம் கட்டிட்டாங்க’ என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பட்டம் கட்டுவதுதான் எனக்குத் தெரியும். பெரியவர் தெரியாமல் எழுதிவிட்டார் என்று நினைத்து, யாரையும் கேட்காமல் ‘பட்டம் வழங்கும் விழா’ என்று திருத்திவிட்டேன். இருநூறு பத்திரிகை அடித்து, மஞ்சள் தடவி, கட்டி வைத்தாயிற்று.

வாங்க வந்த பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. “தம்பி, எங்க அண்ணன் மகனுக்கு நாங்க தலையில துணி கட்டப் போறோம். வழங்கறதுக்கு இது என்ன அன்னதானமா?” என்றார். மறுபடி இருநூறு அடித்தோம். காகிதச் செலவு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. நியாயம்தான்.

பெரியவர் சொன்னதில் ஒரு சொல்லின் பிறப்பே இருக்கிறது. பட்டம் என்பது முதலில் நெற்றியில் கட்டுகிற பட்டை, துணியாகவோ பொன் தகடாகவோ. அதைக் கட்டினால் பதவி ஏறியது என்று அர்த்தம். யானைக்கு நெற்றிப்பட்டம் கட்டுவதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. பட்டத்து யானை, பட்டத்து அரசி, பட்டத்து இளவரசன் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். ஆகவே ‘பட்டம் கட்டுதல்’ என்பதுதான் அசல் பிரயோகம். காலப்போக்கில் தகடு போய்விட்டது, வெறும் சொல் மட்டும் மிஞ்சியது. கட்டுவதற்கு நிஜமாக ஒன்றும் இல்லாதபோது ‘கட்டு’ என்ற வினை பழிப்பக்கம் சாய்ந்துவிட்டது. இன்று பொதுவழக்கில் பட்டம் கட்டினார்கள் என்றால் பொல்லாத பேரை ஒட்டிவிட்டார்கள் என்றுதான் கேட்கும். முத்திரை குத்தினார்கள் என்பதும் அதே வகை, அதில் வலி கொஞ்சம் கூடுதல். கோயிலில் பரிவட்டம் கட்டும்போது மட்டும் ‘கட்டு’ தன் பழைய கௌரவத்தோடு நிற்கிறது, ஏனென்றால் அங்கே உண்மையிலேயே சாமி மேல் இருந்த துணியைத் தலையில் கட்டுகிறார்கள். பரிவட்டம் யாருக்கு முதலில் என்று எத்தனை ஊரில் வழக்கு நடந்திருக்கிறது என்று வக்கீல்களைக் கேட்டுப் பாருங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்னொரு வழக்கு. “உங்க பட்டம் என்ன?” என்று ஒருவர் கேட்டால் நீங்கள் படித்த படிப்பையும் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்தில் வைத்த கேலிப் பேரையும் கேட்கவில்லை. வாண்டையார், மழவராயர் என்பதுபோல வம்சமாக வரும் பட்டப்பெயரைக் கேட்கிறார். வெளியூர்க்காரர் ஒருவர் இந்தக் கேள்விக்கு “பி.காம்” என்று பதில் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். (காற்றில் விடுகிற பட்டமும், ஆடிப் பட்டம் தேடி விதைக்கிற பட்டமும் தனிக் கதை. அதற்குள் போனால் விழா முடிந்துவிடும்.)

சரி, சூட்டுவதற்கு வருவோம். சூடு என்றால் தன் தலையில் தானே வைத்துக்கொள்வது. சூட்டு என்றால் பிறர் தலையில் வைப்பது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது இதுதான். ஆண்டாளைச் ‘சூடிக்கொடுத்த சுடர்க்கொடி’ என்கிறோமே, அதில் முதலில் தான் சூடி, பிறகு பெருமாளுக்குக் கொடுத்த கதை முழுவதும் இரண்டு வினைச்சொல்லில் அடங்கியிருக்கிறது. பட்டம் சூட்டுவது என்றால் ஒரு பூவைப் போல, ஒரு முடியைப் போல, இன்னொருவர் தலையில் நம் கையால் வைப்பது. அதற்குக் கை நீட்ட வேண்டும், அவர் தலை நமக்கு எட்ட வேண்டும், அவர் குனிய வேண்டும். அன்பும் நெருக்கமும் இல்லாமல் அது நடக்காது. மாணவர்கள் ஆசிரியருக்குச் செய்யத் தகுந்த வினை அதுதான் என்று நான் நினைப்பது இதனால்தான். தனக்குத் தானே அடைமொழி போட்டுச் சுவரொட்டி அடிப்பவர்களை நாங்கள் அச்சகத்தில் ‘சூடிக்கொண்ட செல்வர்’ என்போம். ஆர்டர் கொடுப்பவர் காதில் விழாமல்தான்.

பழங்காலத்தில் பட்டத்தோடு கையில் பிடிக்க ஒரு பொருளும் உண்டு. எட்டி என்று வணிகருக்கும், ஏனாதி என்று படைத்தலைவருக்கும், காவிதி என்று அரசு வேலையில் உயர்ந்தவர்களுக்கும் அரசன் பட்டம் கொடுத்தான். ஏனாதிக்கு மோதிரம், எட்டிக்கும் காவிதிக்கும் பொற்பூ என்று உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். மணிமேகலையில் ‘எட்டி குமரன்’ என்று ஒருவன் வருகிறான், அப்பாவின் பட்டம் பிள்ளைக்கு முகவரி ஆகிவிட்டது. அரசனிடமிருந்து இப்படிச் சிறப்புப் பெறுவதற்கே ‘மாராயம்’ என்று பெயர். மாராயம் பெற்றவன் அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வதைத் தொல்காப்பியம் ‘மாராயம் பெற்ற நெடுமொழி’ என்று வஞ்சித் திணையில் ஒரு துறையாகவே சேர்த்திருக்கிறது. விருது வாங்கிய மறுநாள் நடக்கிற பேச்சுக்கு அப்போதே துறை ஒதுக்கிவிட்டார்கள்.

சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறியபோது சோழன் கொடுத்தது பச்சை மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும், ‘தலைக்கோல்’ என்ற சிறப்பும். அந்தத் தலைக்கோல் எதில் செய்தது தெரியுமா? போரில் தோற்ற பகை அரசனின் வெண்கொற்றக் குடைக் காம்பு. அதன் கணுவில் மணிகள் பதித்துப் பொன் தகடு போர்த்தியிருப்பார்கள். ஒரு ராஜாவின் மானம் போன கழி, ஆடுகிற பெண்ணுக்கு மானம் ஆனது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் ஆடல் மகளிர் பெயருக்குப் பின்னால் ‘தலைக்கோலி’ என்று வருவதைப் பார்க்கலாம்.

கல்வெட்டு என்றதும் எனக்குப் பிடித்த ஒரு சின்னச் சொல்: ‘ஆன’. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தச்சர் தலைவர் பெயர் கல்வெட்டில் ‘குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன்’ என்று வருகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒரு பக்கம், அரசன் தன் பெயரையே முன்னால் சேர்த்துக் கொடுத்த பட்டம் மறுபக்கம், நடுவில் ‘ஆன’ என்று ஓர் ஆணி. பட்டம் சூட்டினான், அளித்தான், ஒன்றும் இல்லை. அந்த ஆள் அது ஆகிவிட்டார், அவ்வளவுதான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இந்தச் சிக்கனம் இன்றைய வாழ்த்து மடல்களில் எங்கே இருக்கிறது!

இனி பெயர். வீட்டில் நடப்பது பேர் வைப்பது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் பெயரை எழுதுவார்கள், அத்தைக்காரி குழந்தையைத் தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை சொல்லுவாள், எல்லார் வாயிலும் சர்க்கரை. பத்திரிகை அடித்தால் அதே சடங்கு ‘பெயர் சூட்டு விழா’ ஆகிவிடும். ‘வை’ வீட்டு வினை, ‘சூட்டு’ மேடை வினை. பூனைக்கும் பெட்டிக்கடைக்கும் பேர் வைக்கலாம். பூனைக்குப் பெயர் சூட்டினோம் என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். ‘பேர் வச்சியே, சோறு வச்சியா?’ என்ற பழைய கிண்டல் ‘வை’யில்தான் வேலை செய்யும்.

‘இடு’ இன்னொரு ரகம். பெயரிடுவது, தலைப்பிடுவது எல்லாம் அடையாளத்துக்காகச் செய்வது. புயலுக்குப் பெயரிடுகிறார்கள். அதில் பாசமும் இல்லை, பாராட்டும் இல்லை. இலக்கணத்தில் ‘இடுகுறிப் பெயர்’ என்று வைத்ததைப் பாருங்கள், காரணம் கேட்காதே, குறி இட்டாயிற்று, கூப்பிடு. ஆனால் சாலைக்கும் பாலத்துக்கும் ஒரு பெரிய மனிதரின் பெயர் என்றால் ‘சூட்டினார்கள்’ என்றுதான் வரும், ஏனென்றால் அங்கே கௌரவம் அந்த மனிதருக்கு. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் கேட்டு 1956-இல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து சங்கரலிங்கனார் உயிரை விட்டதும், 1967 ஜூலை 18-ஆம் தேதி சட்டமன்றத்தில் தீர்மானம் வந்ததும், 1969 ஜனவரி 14-இல் அது நடைமுறைக்கு வந்ததும் சட்டப்படி பார்த்தால் வெறும் ‘பெயர் மாற்றம்’. ஆனால் அண்ணா தமிழ்நாடு என்று பெயர் சூட்டினார் என்றுதான் சொல்கிறோம். பெயர் மாற்றியது என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

பெயர் வைப்பதே ஒரு மரியாதை என்பதற்குப் பேரன் என்ற சொல்லே சாட்சி. பெயரன்தான் பேரன் ஆனது, தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். ஐங்குறுநூற்றில் தளர்நடை நடந்து சிறுதேர் உருட்டும் குழந்தையைத் ‘தந்தை பெயரன்’ என்று சொல்லியிருக்கிறது. எனக்கும் தாத்தா பெயர்தான். அதனால் பாட்டி சாகும்வரை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாதே. ‘ஏ பெரியவரே’ என்பாள் ஐந்து வயதுப் பையனை. கோபம் வந்தால் திட்டவும் முடியாது, திட்டினால் தாத்தாவைத் திட்டினதாகிவிடும். ஒருமுறை ரேஷன் கடையில் “வீட்டுக்காரர் பேரு என்னம்மா?” என்று கேட்டார்கள். பாட்டி என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, “இவன் பேருதாங்க” என்றாள். கடைக்காரர் என்னைக் கேட்டார், நான் என் பெயரைச் சொன்னேன், அட்டையில் தாத்தா பெயர் சரியாக ஏறியது.

பிறர் கொடுத்த பெயர்களைப் பெற்றதில் திருநாவுக்கரசரை மிஞ்ச ஆள் இல்லை. பெற்றோர் வைத்த பெயர் மருணீக்கியார். சமணத்துக்குப் போனபோது தருமசேனர். திரும்பி வந்து பாடியபோது இறைவன் குரலாகக் கிடைத்தது நாவுக்கரசு. பிறகு ஒரு சின்னப் பிள்ளை, ஞானசம்பந்தர், ‘அப்பரே’ என்று கூப்பிட்டார். வீடு, மதம், தெய்வம், ஒரு குழந்தை, நால்வரும் ஆளுக்கொரு பெயர் கொடுத்தார்கள். ஊர் பிடித்துக்கொண்டது கடைசியாக வந்ததை, அப்பர்.

ஆனால் கதையின் சுவை திங்களூரில் இருக்கிறது. அங்கே அப்பூதி அடிகள் என்பவர் நாவுக்கரசரை நேரில் பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டதுதான். வீட்டிலுள்ள அளவுபடிக்கும் தராசுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அவர் பெயரையே வைத்தார் என்று நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, பெரியபுராணத்தில் சேக்கிழார் அப்படித்தான் அடுக்குகிறார்: அளவைகள், நிறைகோல், மக்கள், பசு, எருமை, எல்லாவற்றுக்கும் ‘அரசின் நாமம்’. (ஆட்டுக்கல் மட்டும் நான் சேர்த்தது.) ஒரு பிள்ளை மூத்த திருநாவுக்கரசு, இன்னொரு பிள்ளை இளைய திருநாவுக்கரசு. சாலை, குளம், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் திருநாவுக்கரசு. அந்த வழியாக நடந்து வந்த அப்பர், பந்தலில் தன் பெயரைப் பார்க்கிறார். அப்பூதியின் வீட்டுக்கே போய், உங்கள் பெயரை எழுதாமல் வேறொரு பேரை ஏன் எழுதினீர்கள் என்று கேட்கிறார். ‘வேறொரு பேர்’ என்றதும் அப்பூதிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். யாரய்யா நீர், எங்கிருந்து வருகிறீர் என்று எகிறுகிறார். வந்தவர் யார் என்று தெரிந்தபிறகு காலில் விழுந்து அழுகிறார்.

சேக்கிழார் அங்கே போட்ட வினை ‘நாமம் சாற்றும்’. சாற்றுவது என்றால் ஊரறியச் சொல்வது. அதே நாமத்தை இன்று ‘போட்டால்’ என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். சீட்டுக்காரன் பட்டை நாமம் போட்டுவிட்டுப் போவான். மறுபடியும் நெற்றிதான் பாருங்கள், கௌரவமும் ஏமாற்றும் ஒரே இடத்தில் வந்து உட்காருகின்றன.

விருது பக்கம் கொஞ்சம். விருது என்றால் பழைய பொருளில் வெற்றிச் சின்னம், கொடி முதலானவை. சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்த அந்த விருதுநகருக்கே முன்பு விருதுபட்டி என்று பெயர், 1923-இல்தான் நகர் ஆனது. அரசன் வரும்போது அவன் விருதுகளை வரிசையாக எடுத்துச் சொல்வது கட்டியம் கூறுதல். இன்று அந்த வேலையை நிகழ்ச்சித் தொகுப்பாளர் செய்கிறார். இப்போது விருது என்றால் கேடயம், பதக்கம், காசோலை, அலமாரியில் வைக்கிற பொருள். பட்டம் அப்படியில்லை, பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை நம் அரசியலமைப்புச் சட்டமே பார்த்திருக்கிறது. 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது, படைத்துறையிலும் கல்வியிலும் வருபவை மட்டும் விலக்கு. ராவ் பகதூர், திவான் பகதூர் எல்லாம் அதோடு போயின. பிறகு 1954-இல் பத்ம விருதுகள் வந்தன. இது மட்டும் பட்டம் இல்லையா என்று வழக்குப் போட்டார்கள். 1995 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்ன பதில், சுருக்கமாக: இது விருது, பட்டமல்ல, ஆகவே பெயருக்கு முன்னாலும் பின்னாலும் போட்டுக்கொள்ளாதீர்கள். அழைப்பிதழ்களில் ‘பத்மஸ்ரீ’ இன்னும் பெயருக்கு முன்னால்தான் வருகிறது. நானும் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தேன், வாடிக்கையாளர் திரும்ப எழுதிக்கொடுப்பார்.

பட்டத்துக்கும் விருதுக்கும் உள்ள இடைவெளி, அதை விடும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். ஜாலியன்வாலாபாக்குக்குப் பிறகு 1919-இல் தாகூர் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். விருது என்றால் திருப்பிக் கொடுத்தார் என்போம். உடம்போடு ஒட்டியதைத்தான் துறக்க முடியும். விளையாட்டில் இன்னொரு வினை: விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார், குகேஷ் 2024-இல் உலக சாம்பியன் பட்டம் வென்றார். தகுதிக்குக் கிடைத்தால் பெறுவது, எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தால் வெல்வது. ‘வாங்குவது’ மட்டும் கவனம். தமிழில் வாங்குவது கையேந்திப் பெறுவதும்தான், காசு கொடுத்து எடுப்பதும்தான். ‘அவர் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்’ என்று எழுதிக் கொண்டுவந்தால் ‘பெற்றார்’ என்று மாற்றிவிடுவேன். சிலர் விஷயத்தில் மாற்றாமல் விட்டதும் உண்டு.

இப்போது ‘வழங்கு’. நான் முதலிலேயே அதைக் கொஞ்சம் குறைத்துப் பேசிவிட்டேன், ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. வழங்குவது என்றால் கொடுப்பது. வழங்குவது என்றால் புழக்கத்தில் இருப்பதும்தான். ஊரில் வழங்கும் பெயர், வழங்கும் காசு, வழக்கு என்பதெல்லாம் அதிலிருந்து வந்தவை. மேடையில் ஒரு நாள் வழங்கிய பட்டம், தெருவில் வழங்கினால்தான் பட்டம். இரண்டுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

1938 நவம்பர் 13-இல் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. தலைமை நீலாம்பிகை அம்மையார், வேதாசலம் என்ற தன் பெயரைத் தானே தமிழாக்கிக்கொண்ட மறைமலை அடிகளின் மகள். ஈ.வெ. ராமசாமியை இனிப் பேச்சிலும் எழுத்திலும் ‘பெரியார்’ என்றே குறிப்பிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். கேடயம் கொடுத்ததாக யாரும் நினைவு வைத்திருக்கவில்லை, சொல்லத்தான் சொன்னார்கள். பேச்சும் எழுத்தும் என்று சரியாக இரண்டு இடத்தைப் பிடித்தார்கள். அந்தப் பெரியார் பிறகு ஒரு நாடகத்தில் சிவாஜி வேடம் போட்ட கணேசனைச் ‘சிவாஜி’ என்று சொல்லப்போக, அவருக்கு அதுவே பெயர் ஆயிற்று. எம்.ஆர். ராதா ‘கலைஞர்’ என்று சொன்னதும் அப்படித்தான் நின்றது.

உ.வே. சாமிநாதையரைப் பாருங்கள். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். 1871-இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது, வேறு பெயர் ஏதாவது உண்டா என்று ஆசிரியர் விசாரித்து, வீட்டார் கூப்பிடும் சாமா என்பதன் முழுப்பெயரான சாமிநாதன் என்பதையே வழங்கச் செய்தார். 1906-இல் அரசாங்கம் மகாமகோபாத்தியாயப் பட்டம் அளித்தது. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. ஜனங்கள் கூப்பிடுவது தமிழ்த் தாத்தா. எந்தப் பல்கலைக்கழகமும் ‘தாத்தா’ என்று பட்டம் அளிக்காது.

நாவலர் என்ற பட்டம் இன்னும் வேடிக்கை. 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுகம் பிள்ளைக்கு அதை அளித்தது. அங்கே இன்றும் ‘நாவலர்’ என்று தனியாகச் சொன்னால் அவர் ஒருவர்தான். தமிழ்நாட்டில் அரசியல்காரர் சொன்னால் நெடுஞ்செழியன். பழைய தமிழாசிரியர் சொன்னால் ந.மு. வேங்கடசாமி நாட்டாராகவோ சோமசுந்தர பாரதியாராகவோ இருக்கலாம். மலேசியாவில் பட்டங்களை மாநில சுல்தான்களும் மாமன்னரும் தருகிறார்கள். அங்குள்ள தமிழர் துன் சம்பந்தன் என்று பட்டத்தைப் பெயரோடு சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

சரி, உங்கள் அழைப்பிதழ். மேலே ‘பட்டம் சூட்டும் விழா’ என்று பெரிதாகப் போட்டு, அடியில் ‘கல்விச் செம்மல் எனப் பட்டம் சூட்டி மகிழ்பவர்கள்: பழைய மாணவர்கள்’ என்று போடுங்கள். ‘அளித்து கௌரவிப்பவர்கள்’ வேண்டாம், அவரைக் கௌரவிக்கிற உயரம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. பொன்னாடைக்கு ‘போர்த்தி’, கேடயத்துக்கு ‘கொடுத்து’, மாலைக்கு ‘அணிவித்து’. மூன்றையும் ஒரே ‘வழங்கி’யில் கட்டிவிடாதீர்கள், மாலையை யாரும் கையில் கொடுக்கமாட்டார்கள். விருந்தினர் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ ஒருவருக்குப் போட்டால் எல்லாருக்கும் போட வேண்டும். ஒருவருக்கு விட்டுப்போனாலும் அவர் அன்று வரமாட்டார், வந்தாலும் சாப்பிடமாட்டார். ‘பழைய மாணவர்கள்’ என்பது மனசுக்கு ஒட்டவில்லை என்றால் ‘முன்னாள் மாணவர்கள்’ என்று மாற்றிக்கொள்ளலாம், எனக்குப் பழையதே பிடிக்கும்.

இதே மாதத்தில் குழுவில் யாருக்காவது கல்யாணம் இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன்: ‘திருவளர்செல்வன்’, ‘திருநிறைசெல்வி’. நடுவில் ச் வேண்டாம். வளர்ந்த, வளர்கிற, வளரும் என்று மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை அது, ஒற்று மிகாது.

அப்புறம், கேடயத்தில் பொறிக்கக் கொடுப்பதற்கு முன்னால் தலைமையாசிரியரின் முதலெழுத்தை அவரிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள். பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, அவர் கையெழுத்தில் ஒன்று என்று இருக்கும். அவர் கையெழுத்துப் போடுகிற முதலெழுத்துதான் கணக்கு.